கூட்டி முடியாத மூலை

சின்னராசா அண்ணை கண்ணை மூடிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, கொடிகாமத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் கக்கூசுக்கு வரிசையில் நின்றேன். சொல்ல வெட்கம்தான், உடனே ஓடவில்லை. என் முறை வரும்வரை நின்று, அலுவலை முடித்துக்கொண்டுதான் போனேன். அண்ணையைத் தெரிந்த நீங்களே சொல்லுங்கள், அவர் கோபிப்பாரா?

உரும்பிராயில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகுவேலிதான். எண்பத்தேழில் ஒரு காலை, அவருடைய மனிசி பரமேஸ் அக்கா பலாமரத்தடியைக் கூட்டிக்கொண்டு நிற்க ஷெல் விழுந்தது. அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டார். முற்றம் பாதி கூட்டியபடி, பாதி சருகோடு. அதற்குப் பிறகு அந்த மூலையில் விளக்குமாறு வைக்க அண்ணை ஒருவரையும் விடவில்லை. முற்றம் கூட்டாத வீடு என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்று இருந்தார்.

கணுக்கால் மூடச் சருகு சேர்ந்த ஒரு மாரியில் ஆறுமணிக் குருவி வந்தது. கடல் கடந்து வரும் காட்டுக் குருவி. சோடி இல்லை, தனியன். நிலத்தில் தத்தித் தத்தி, சொண்டால் சருகு சருகாய்ப் புரட்டி எறிந்து புழு தேடும். விடியவும் பொழுதுபடவும் ஒரு சீழ்க்கை. பிறகு ஒவ்வொரு மாரிக்கும் அதே மூலைக்குத்தான் வந்தது.

"அண்ணை, உந்த வேலைக்காரிக்குச் சம்பளம் குடுக்கிறியளோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பரமேஸ் கூட்டி முடிக்கேல்லை, தம்பி. உது முடிக்கட்டும்."

பகிடி விடுவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் பொழுதுபடும் நேரத்தில் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இந்த ஐப்பசியில் சண்டை கிட்ட வர ஊர் முழுக்க எழும்பி நடந்தபோது, அண்ணை பலாமரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். குருவி இன்னும் வரவில்லையாம். அது வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எப்படி என்றார். நீங்கள் வராமல் நானும் போகமாட்டேன் என்று பக்கத்தில் குந்தினேன். என் பிள்ளைகள் ஒழுங்கையில் மூட்டைகளோடு நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்தார். எழும்பினார். வாசல் படலையை மட்டும் சாத்தவில்லை.

இங்கே வந்து காய்ச்சலில் கிடந்தார். கடைசியாய் என்னிடம், "வந்திருக்குமோ?" என்றார். ஓம் அண்ணை, வந்திருக்கும் என்றேன். வேறென்ன சொல்ல?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கூட்டாமல் விடுகிற பழக்கம். பள்ளிக்கூட மாமரத்தடியில் ஒரு மூலையை ஒருவரும் கூட்ட நான் விடுவதில்லை. நேற்றுப் பொழுதுபட அங்கே சருகு சரசரத்தது. காற்றில்லை. அசையாமல் குந்தியிருந்து பார்த்தேன். காலில் முசுறு எறும்பு ஏறியது. பிறகு உடுத்திருந்த சாரத்துக்குள் ஏறியது. எழும்பி உதறினேன். சாரம் அவிழ்ந்துவிட்டது. கிணற்றடியில் நின்ற பெண்கள் மற்றப் பக்கம் திரும்பினார்கள். சருகுச் சத்தம் நின்றுவிட்டது.