எழுதப் படிக்கத் தெரிந்தவர்

‘நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை’ என்று சொல்லிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் செய்திருக்கிறேன். அதுவும் ஊருக்கு நல்லது செய்கிறேன் என்ற மிதப்பில், கையில் ஒரு சர்க்கார் பாரத்தைப் பிடித்துக்கொண்டு செய்தேன்.

முப்பதுகளின் நடுவில், மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட சமயம். சூலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், பெண்கள் பள்ளிக்கு நான் ஒருத்திதான் ஆசிரியை. வயது இருபத்துநாலு. உக்கடத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் டவுன்காரி என்ற திமிர் கொஞ்சம் இருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. நிலம், வரி என்று கணக்கில் உள்ளவர்களுக்கு உண்டு. அவை இல்லாவிட்டாலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உண்டு. ஆனால் தெரியும் என்பதைக் காட்டி, மனுப் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். பொம்பளைக்கு எதற்கு ஓட்டு என்று கேட்ட ஊரில் யார் மனுப் போடப்போகிறார்கள்? எங்கள் தொகுதிப் பட்டியலில் பெண் பெயரைத் தேடுவது அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான்.

தாலுக்கா ஆபீஸிலிருந்து ஒரு கட்டு மனுப் பாரம் எனக்கு வந்தது. மனுப் போடுகிறவர் தம் கையால் நாலு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும், பள்ளி ஆசிரியர் அதற்குச் சான்று கொடுத்தால் போதும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கார் என் கையெழுத்தை நம்புகிறதே! சாயங்காலமானால் பாரக்கட்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஊர் முழுக்கச் சலித்ததில், என்னையும் சேர்த்து மூன்று பேர்தான் தேறினார்கள். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

நாலாவது ஆள் தானாகக் கிடைத்தார். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரும் சிலேட்டில் பிழையே இருக்காது. பள்ளியில் எழுதச் சொன்னால் கொம்பும் காலும் இடம் மாறும். ஒருநாள் மிரட்டிக் கேட்டதில், “எங்கம்மா அழிச்சுத் திருத்திக் குடுப்பாங்க” என்றாள். ‘அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?’ என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். புருஷன் கண்டிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பருத்தி விலை விழுந்து, தோட்டம் வைத்திருந்தவர்களே பிழைப்புத் தேடி வெளியே போன காலம் அது. இங்கே மாமியாரோடும் கொழுந்தனாரோடும் இருந்து தோட்ட வேலை முழுவதையும் அக்காதான் பார்த்தார். மகள் முதல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து, அவள் நோட்டில் நான் எழுதிக்கொடுத்த எழுத்தின்மேலேயே விரலை ஓட்டி ஓட்டிப் படித்திருக்கிறார். எழுதச் சொல்லிப் பார்த்தபோது ஆடிப்போனேன். என் ‘ழ’, என் ‘ணை’, எல்லாம் அச்சாக என் கையெழுத்து.

பாரத்தைக் கண்டதும் அவர் பின்வாங்கினார்.

“அதெல்லாம் நமக்கு வேண்டாமுங்க டீச்சரம்மா. பேரு எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டுவாங்களாமா?”

“ஒட்டினால் என்னக்கா? பேரும் வீட்டுக்காரர் பேரும்தான் இருக்கும்.”

“வேற ஒண்ணும் இருக்காதுங்களா?”

“இருக்காது.”

இதை நான் எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பட்டியல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. அவர் மறுபடியும் தயங்கவே, எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்படிப் பயந்து சாகிறவங்களுக்கு எழுத்து எதுக்கு? அடுப்பில் போடறதுக்கா?” என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பேனாவை வாங்கி நாலு வரி எழுதினார். கீழே தன் பெயரை எழுதும்போது மட்டும் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

சில மாதங்கள் கழித்துச் சாவடிச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். வரிசை எண், பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம், எந்தத் தகுதியில் ஓட்டு என்று. அக்காவின் பெயருக்கு நேரே ‘எழுதப் படிக்கத் தெரிந்தவர்’ என்று அச்சடித்திருந்தது.

மறுநாள் காலை கொழுந்தனார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு.

“ஏனுங்க டீச்சரம்மா, நல்லா இருக்கறீங்களா? எங்க நங்கைக்குப் படிக்கத் தெரியுமுன்னு சர்க்காருக்கெல்லாம் தெரிஞ்சிருக்குதுங்க. ஊட்டுல இருக்கற எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சுங்க.”

அண்ணன் மனைவியை அங்கே நங்கை என்பார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. போய் வருகிறேன் என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை, ஏன் என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் அக்கா வந்தார். மகளுக்குச் சோறு கொண்டுவரும் சாக்கில் வந்தவர், சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

கண்டியிலிருந்து கடிதம் வந்தால் கொழுந்தனார்தான் வாசித்துக் காட்டுவார். வாசித்து முடித்துக் கூரை ஓட்டுச் சந்தில் செருகிவிடுவார். அக்கா இரண்டாம் நாள் அதை எடுத்துத் தாமாகப் படிப்பார். ‘சௌக்கியம், மாட்டைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று கொழுந்தனார் வாசித்த கடிதத்தில், ‘அவளையும் குழந்தையையும் அனுப்பி வை’ என்று இருக்கும். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஆறு கடிதங்கள் அப்படி. கொழுந்தனாரின் கணக்கு வேறு: அண்ணன் பெண்டாட்டியும் பிள்ளையும் போய்விட்டால் தோட்டத்தில் மாடாக உழைக்க ஆள் ஏது? அண்ணன் அங்கேயே தங்கி, பாகத்தைக் கேட்டால் என்ன செய்வது? கடைசிக் கடிதத்தில், அக்கம்பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தைக்கு வந்து மாசியில் திரும்புகிறார், அவரோடு வரச் சொல், ஆள் யார், எந்த நாள் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்று இருந்ததாம்.

“அந்த ஒரு கடுதாசிக்குத்தானுங்க காத்துக்கிட்டிருந்தேன். நாள் தெரிஞ்சா புள்ளயக் கூட்டிக்கிட்டு நானாப் போய் நின்னுருவேன். இப்ப அவரு தபால்காரருகிட்டச் சொல்லிப்போட்டாருங்க, இனிமே சந்தையிலயே வாங்கிக்கறேன்னு. பழைய கடுதாசியெல்லாம் அடுப்புல போட்டாச்சுங்க.”

“முன்னாடியே என்கிட்டச் சொல்லக் கூடாதாக்கா?” என்றேன். கேட்டு முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எதைச் சொல்ல விட்டேன் நான்?

தபால்காரரிடம் போய்க் கெஞ்சினேன். “மேல்விலாசத்துல அவரு பேருதானுங்களே இருக்குது, நான் எப்படீங்க குடுக்கறது?” என்றார். அவர் பேரில் தப்பில்லை. பிறகு நாங்களே கண்டிக்கு எழுதுவது என்று முடிவு செய்தோம். விலாசம் அக்காவுக்கு மனப்பாடம். நான் எழுதித் தருகிறேன் என்றேன், ஒப்புக்கொள்ளவில்லை. வகுப்பறையில் உட்கார்ந்து இரண்டு மத்தியானங்களாக அவரே எழுதினார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், நான் வருவதற்குத் தயார், புறப்பட வேண்டிய நாள் எது என்று பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள் என்று எழுதியிருந்தார். உறையின்மேல் நான் விலாசம் எழுதினேன். என் புத்தி எங்கே போயிற்றோ, ஆசிரியையின் பெயரில் ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே வைத்தேன்.

தை பிறந்தது. பதில் இல்லை. அதற்குள் தேர்தல் நாள் வந்துவிட்டது.

பெண்கள் பக்கம் ஆள் அடையாளம் காட்ட என்னை உட்கார வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. மாட்டுக் கொம்பில் பச்சைத் துணி. ஓட்டிவந்தவர் கொழுந்தனார். அவர் ஒரு வேட்பாளருக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலேயே ஒரு ஓட்டு முளைத்திருக்கும்போது விடுவாரா? அக்காவைக் கைத்தாங்கலாக இறக்காத குறைதான். “பச்சைப் பெட்டிங்க நங்கை, மறந்துபோடாதீங்க” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியும் என்று நிரூபித்து உள்ளே வந்தவருக்கு அங்கே ஒரு எழுத்துகூடத் தேவைப்படவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு நிறத்தில் போட்டுத் தொலையட்டும், ஒரு பழியாவது தீரட்டும் என்று மனசுக்குள் வேண்டினேன். வெளியே வந்தவரிடம், தப்பென்று தெரிந்தும், எதில் போட்டீர்கள் என்று கிசுகிசுத்தேன்.

“எதுல போட்டா என்னுங்க டீச்சரம்மா? வேற பெட்டியில போட்டா அந்தக் கடுதாசியக் குடுத்துருவாங்களா?”

வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பச்சைப் பெட்டிக்காரர் தோற்றார். அந்தத் தொகுதியில் அடுத்தடுத்து யார் வந்தார்கள், எத்தனை முறை எல்லைகளை மாற்றினார்கள் என்று நான் ஒப்பிப்பேன். அதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தபால்காரரின் சைக்கிள் மணி மட்டும்தான் காதில் இருந்தது.

மாசிக் கடைசியில் உறை வந்தது, என் பேருக்கு. நான் பிரிக்கவில்லை. மத்தியானம் அக்கா வந்ததும் அப்படியே கையில் கொடுத்தேன். அவர் ஒருமுறை தமக்குள் வாசித்தார். பிறகு, “நீங்களும் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“டீச்சரம்மா அவர்களுக்கு. தாங்கள் என் சம்சாரத்தின் பெயரால் எழுதிய கடிதம் கிடைத்தது. கடிதமும் சீட்டும் உறையும் ஒரே கையெழுத்தாக இருப்பதைக் கண்டுகொண்டேன். அவளுக்கு இங்கே வர இஷ்டமில்லை என்று என் தம்பி எழுதிவிட்டான். அழைத்துவர இருந்தவரும் புறப்பட்டு வந்துவிட்டார். இனி எங்கள் குடும்ப விஷயத்தில் தலையிட வேண்டாம். என் சம்சாரத்துக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது.”

கடைசி வரிவரைக்கும் எங்கேயும் தடுக்காமல், ஒரு பிழை இல்லாமல் வாசித்தார்.