முதல் பீஸில் ஈயம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரணியலில் திருவனந்தபுரம் ரயிலில் ஏறினேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் கவர் கவராக வயர் கொத்துகள். அவற்றில் ஈயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பயணம்!

முப்பது வருடம் இங்கிலீஷ் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்வி. நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த சுகந்தியிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

சுகந்தி என் கல்லூரித் தோழி. இரணியல் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன யூனிட் வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் மானிட்டரின் முதுகைத் திறந்தால் உள்ளே கலர் கலராக வயர்கள் கொத்தாக ஓடுமே... அதைச் செய்கிற இடம். வயரை அளந்து வெட்டி, நுனியைச் சீவி, கனெக்டரில் பொருத்தி, கட்டி அனுப்ப வேண்டும். பதினான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். வாங்குவது சென்னைப் பக்கம் மானிட்டர் தயாரிக்கும் ஒரே ஒரு கம்பெனி. அந்த ஆர்டர் நின்றால் யூனிட்டும் நின்றது.

எல்லாம் ஒரு போனில் ஆரம்பித்தது.

"ஏட்டி, நீ சும்மதானே இருக்க? கம்பெனிலேருந்து ஒரு ஃபாரம் வந்திருக்கு. நாப்பது பக்கம். ஒரு எழவும் வெளங்கல்ல. நீ வா."

போனேன். படித்தேன். எனக்கும் விளங்கவில்லை! செய்யுளுக்கு விளக்கம் சொல்லிப் பழகிய என் இங்கிலீஷ் அந்த ஃபாரத்தின் முன்னால் கைகட்டி நின்றது. மூன்று முறை படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

சில மானிட்டர்களின் பின்னால் ஒரு சின்ன முத்திரை இருக்கும். இது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் செய்த பொருள் என்று சொல்லும் முத்திரை. வெளிநாடுகளில் பல ஆபீஸ்களில் அது இல்லாத மானிட்டரை உள்ளேயே விட மாட்டார்களாம். முன்பெல்லாம் மானிட்டர் கம்பெனி கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது விதிகளை இறுக்கிவிட்டார்கள். உள்ளே போகும் ஒவ்வொரு துண்டையும் யார் செய்தது, எதில் செய்தது, எந்த ரசாயனத்தால் துடைத்தது, மிச்சத்தை எங்கே போட்டது... எல்லாவற்றுக்கும் கடைசிச் சப்ளையர் வரை பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்.

சுகந்திதான் அந்தக் கடைசிச் சப்ளையர்.

"இதெல்லாம் நம்மால ஆவுமாட்டி?" என்று கேட்டேன்.

"ஏன் ஆவாது? அவன் கேட்டதுல ஏதாவது தப்பு இருக்கா? சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். தப்பு இல்லைதான். ஆனால் தப்பில்லாத கேள்விக்குப் பதில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

'கழிவுகளை என்ன செய்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. "நமக்கு கழிவே கிடையாதுன்னு எழுது" என்றாள் பெருமையாக. வெட்டிப்போட்ட வயர்த் துண்டுகள் எங்கே என்றேன். பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்காரர் வந்து மொத்தமாக அள்ளிப் போவாராம். அவர் என்ன செய்வார்? தென்னந்தோப்பில் போட்டு எரிப்பார். பிளாஸ்டிக் கருகிப் போகும், செம்பு மிஞ்சும். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அந்தத் தோப்புக்குப் பக்கத்தில்தான் அவளுடைய யூனிட் பெண்கள் நான்கு பேரின் வீடு. மறுநாளே ஆக்கர்காரரை நிறுத்தினாள். எரிக்காமல் பிரித்தெடுக்கும் ஆளைத் தேடி ஒரு வாரம் அலைந்து, திருநெல்வேலிப் பக்கம் ஒருவரைப் பிடித்தாள்.

கனெக்டர் துடைக்கும் தின்னர் போயிற்று. பேக்கிங்கில் தெர்மோகோல் போய்க் காகிதம் வந்தது. வயர் விற்கும் தாசண்ணனிடமும் உறுதிக் கடிதம் கேட்டாள். நாகர்கோவிலில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர். வெற்றிலைக் கறையோடு ஒரு லெட்டர்ஹெட் வந்து சேர்ந்தது. 'எங்கள் வயரில் கெடுதலான சாமான் ஒன்றும் கிடையாது என்று தெய்வத்துக்குப் பொதுவாக உறுதி கூறுகிறேன்.'

"தாசண்ணே, தெய்வத்தை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிடாதேயும். ஃபேக்டரி டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கித் தாரும்" என்று போனில் கத்தினாள். அதையும் வாங்கினாள்.

இவ்வளவும் முடித்து, கம்பெனிக்குச் சோதனைக்காக ஒரு சாம்பிள் அனுப்பினோம். ரிப்போர்ட் வந்தது. கனெக்டர் பக்கம் ஈயம். அதுவும் வரம்பைத் தாண்டி!

சுகந்தி அன்று போட்ட சத்தம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். கனெக்டர் கோயம்புத்தூரிலிருந்து சீல் வைத்த கவரில், ரிப்போர்ட்டோடு வருவது. அப்படியானால் ஈயம் எங்கிருந்து வரும்? வயரிலிருந்துதான். கம்பெனிக்கு உடனே பதில் போட்டாள். 'வயர் சப்ளையர் மேல் சந்தேகம்.' டைப் அடித்தது சாட்சாத் நான்தான். கம்பெனி அந்த வேகத்திலேயே தாசண்ணனின் பெயரை நிறுத்தி வைத்தது. அவர் சரக்கை அவர்களுடைய எந்த சப்ளையரும் வாங்கக் கூடாது.

மறுநாள் தாசண்ணன் நேரில் வந்தார். கத்தவில்லை. ஒரு வயர் சுருளை மேசையில் வைத்தார்.

"மக்களே, எனக்க கடையிலேருந்து போன வயரு இது. எங்க கொண்டு போய் வேணும்னாலும் பாரு. ஈயம் இருந்தா நானே கடையைப் பூட்டுதேன். இல்லேன்னா நீ என்ன செய்வேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

சுகந்தி அந்தச் சுருளை எடுத்துக்கொண்டாள். அதனால்தான் அந்த ரயில்.

எங்களோடு ஜெபாவும் வந்தாள். யூனிட்டில் தரம் பார்ப்பவள். முப்பது வயதுக்காரி, பேச்சு குறைவு, கண் கூர்மை. தாசண்ணன் வயர், புதுக் கனெக்டர், அதே லாட்டில், அதாவது அதே தொகுப்பில், செய்த வேறு ஐந்து கொத்துகள், கம்பெனி திருப்பி அனுப்பிய அந்தச் சாம்பிள்... எல்லாவற்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி அந்த டப்பாவில் அடுக்கியிருந்தாள்.

திருவனந்தபுரம் லேபில் ஒரு மலையாளி இளைஞர். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின். வயரில் வைத்தார். இல்லை. புதுக் கனெக்டர்... இல்லை. ஐந்து கொத்துகளிலும் வரிசையாக வைத்தார். இல்லவே இல்லை. கடைசியாகச் சாம்பிளில் வைத்தார். திரையில் எண் குதித்து ஏறியது.

அவர் சாம்பிளை விளக்கடியில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துக் கனெக்டரின் இடுக்கைப் பார்த்தார்.

"சேச்சி... ஈ சுவப்பு எந்தா?"

சிவப்பா? மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். இடுக்கில் மெல்லிய சிவப்புக் கோடு. முதலில் நிமிர்ந்தவள் ஜெபா. அவள் சுகந்தியின் நெற்றியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். லேப்காரரும் பார்த்தார்.

உங்களுக்குச் சொல்லவில்லையே! அந்த யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த லாட் தொடங்கினாலும் முதல் பீஸை சாமிக்குக் காட்டுவார்கள். சுகந்தி விளக்கேற்றி, முதல் பீஸில் குங்குமம் வைப்பாள். ஜெபா பக்கத்தில் நின்று கண்மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்வாள். அங்கே வேலை பார்க்கும் ராஜம்மை, அய்யாவழி சமயத்துக்காரி, "அய்யா உண்டு" என்பாள். அதன் பிறகுதான் மற்ற பீஸ்களில் கை வைப்பார்கள். முதல் பீஸை விற்பதில்லை. அளவு ஒப்பிட்டுப் பார்க்க அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதை எல்லாரும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். ஆகவே சோதனைக்கு அனுப்ப அதைவிடச் சிறந்தது எது? சுகந்தி துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு அதையே அனுப்பியிருக்கிறாள்!

அவள் ஹேண்ட்பேகிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து மேசையில் வைத்தாள். லேப்காரர் ஒரு சிட்டிகை எடுத்து மெஷினில் வைத்தார். அன்று பார்த்ததிலேயே பெரிய எண் அதுதான்.

ஏதோ ஒரு திருவிழாக் கடையில் வாங்கிய குங்குமம். நிறம் பளிச்சென்று நிற்கிறதே என்று கிலோக் கணக்கில் வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பளிச்சுக்குக் காரணம் ஈயச் சிவப்பு என்கிற ஈய நிறப்பொடியாம்.

எனக்கு ஒரே நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டது, வயர் சுத்தம், கனெக்டர் சுத்தம், வேலை முடிந்தது! திரும்பும் ரயிலில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். நெய்யாற்றின்கரை போயிற்று, பாறசாலை போயிற்று. குழித்துறை தாண்டியதும் சுகந்தி திடீரென்று கேட்டாள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாசல்ல நின்னு நான் என்ன செய்வேன்?"

புரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு வரும் பெண்களுக்கு அவளே நெற்றியில் குங்குமம் வைத்து உள்ளே அனுப்புவாள். பத்து வருடமாக. அவர்களில் ஒருத்தியான ஷீபாவுக்கு இப்போது ஆறாவது மாதம்.

"எவனோ ஒருத்தனுக்க மேசையில இருக்கப்பட்ட மானிட்டருக்கு ஆவாதுன்னு சொல்லுத சாமானை, நான் எனக்க பிள்ளையளுக்க நெத்தியில வச்சிருக்கேன். அந்த மானிட்டருக்காவது கேக்க ஆளிருக்கு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அவள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான். ஜெபா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் கம்பெனிக்கு விளக்கம் எழுத வேண்டும். நான் இங்கிலீஷ் டீச்சர் ஆயிற்றே... 'கையாளும்போது வெளிப்பொருள் ஒட்டியது' என்று அழகாக ஒரு வாக்கியம் அமைத்தேன். யாருக்கும் எதுவும் புரியாது. பிழையும் இருக்காது.

சுகந்தி எட்டிப் பார்த்தாள். "வெளிப்பொருளா? குங்குமம்னு எழுது."

"சிரிப்பாங்கட்டி. பட்டியலிலேருந்து தூக்கிருவாங்க. பதினாலு பேருக்க சோலி..."

"சிரிக்கட்டு. நீ இப்பிடி மூடி எழுதினா தாசண்ணனுக்க பேருல உள்ள கறை போவுமா? வெளிப்பொருள் அவருக்க கடையிலேருந்து வந்ததுன்னுதானே நினைப்பானுவ? எழுது. வச்சது நான். சந்தேகப்பட்டதும் நான். ரெண்டையும் எழுது."

எழுதினேன். கை கொஞ்சம் கூசியது, ஆனாலும் எழுதினேன். லேப் ரிப்போர்ட்டை இணைத்தோம்.

இரண்டு நாள் கழித்து வீடியோ கால். திரையில் கம்பெனியின் தர அதிகாரி, நடுவயதுக்காரர். சுகந்தி முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். அவர் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் யாரிடமோ என்னவோ சொன்னார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மைக் திரும்ப வந்தது.

"மேடம், உண்மையைச் சொன்னா... இதை நாங்க யாருமே யோசிக்கல. ஆயுத பூஜைக்கு எங்க லைன்ல எல்லா மெஷினுக்கும்தான் வைக்கிறோம். எங்க குங்குமத்தையும் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன்."

தாசண்ணனின் பெயரை அன்றே விடுவித்தார்கள். சாம்பிளை இனி சுகந்தி அனுப்ப வேண்டாம், வந்திறங்கும் சரக்குப் பெட்டியிலிருந்து தாங்களே எடுத்துச் சோதிப்போம் என்றார்கள். அந்த ரிப்போர்ட் இந்தத் திங்கட்கிழமை வந்தது. சுத்தம். யூனிட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறது. அடுத்த மாதம் நேரில் தணிக்கைக்கு வருகிறார்களாம். "வரட்டு. தின்னர் வச்சிருந்த அலமாரியைக்கூட திறந்து காட்டுதேன்" என்கிறாள் சுகந்தி.

தாசண்ணன் கடைக்கு அவளே போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் ஒரு கிளாஸ் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சரி, அடுத்த லாட்டுக்கு எத்தனை சுருள்?" என்றாராம்.

வழக்கம் நிற்கவில்லை. முதல் பீஸை இப்போதும் சாமிக்குக் காட்டுகிறார்கள். விளக்கு உண்டு, பூ உண்டு, பீஸின் மேல் விரல் மட்டும் படாது. ஜெபாவின் முறையில் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஜெபத்துல ஈயம் கிடையாதுக்கா" என்றாள். அவள் ஜோக் அடித்து அன்றுதான் கேட்டேன். சுகந்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஷீபாவை டாக்டரிடம் கூட்டிப் போய் ரத்தம் சோதித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் சுகந்தி ஒழுங்காகச் சாப்பிட்டாள். மற்ற பெண்களுக்கும் ஒவ்வொருவராகப் பார்க்கிறார்கள்.

இனி குங்குமம்? மஞ்சளில் செய்யும் ஒருவரை சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் கண்டுபிடித்திருக்கிறாள். நிறம் கொஞ்சம் மங்கல்தான். அவரிடமும் ஒரு ஃபாரம் நீட்டியிருக்கிறாள்! எதில் செய்தது, நிறத்துக்கு என்ன சேர்த்தது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடும் என்று. அந்த மனிதர் திகைத்துப்போய், "யம்மா, இத்தனை வருசத்துல ஒருத்தரும் இப்பிடி கேட்டது இல்லியே" என்றாராம்.

"அதான் நான் கேக்கேன்" என்றிருக்கிறாள்.

இதை எழுதி முடித்துவிட்டு என் வீட்டுக் குங்கும டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். 'ஒரிஜினல்' என்று பெரிதாகப் போட்டிருந்தது... எதனுடைய ஒரிஜினல் என்றுதான் எங்கேயும் போடவில்லை.