சாய்கோட்டுக்கு இடமில்லை

அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். மாற்றுச் சிறுநீரகம் வேண்டுபவர்களைப் பதிவு செய்யும் அலுவலகம் அது. அங்கே பதினாறு வருடமாக அவருக்கு ஒரே வேலை: வருகிற விண்ணப்பத்தில் என்னென்ன குறிகள் இருக்கின்றன என்று பார்க்கும் நிரலை எழுதிக் காப்பது. எழுத்து, எண், இடைவெளி, புள்ளி, காற்புள்ளி. இவ்வளவுதான் உள்ளே வரலாம். வேறு ஏதாவது தலைகாட்டினால் விண்ணப்பம் கழிவுக் கோப்புக்குப் போய்விடும். முன்பெல்லாம் "தவறு உள்ளது" என்று செய்தி போகும். ஆட்கள் போன் செய்து உயிரை எடுத்ததால் அதை நிறுத்தி, எல்லோருக்கும் "கிடைத்தது" என்றே போகும்படி செய்தார். அந்த வருடம் பதவி உயர்வும் கொடுத்தார்கள். மகா கெட்டிக்காரத்தனம்.

கீழ்வீட்டில் இருந்த அவருடைய அண்ணன் பதினான்கு மாதம் முன்பு பதிவு செய்திருந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தம்பி எழுதின புரோகிராம்" என்று பெருமை வேறு.

அண்ணிதான் ஒரு நாள் படியேறி வந்தார். "பின்னாடி பதிஞ்சவங்களையெல்லாம் கூப்பிட்டுட்டாங்க தம்பி. ஒரு தடவை பாருங்களேன்."

"வரிசைன்னா முன்ன பின்ன இருக்கும் அண்ணி. நான் போய்க் கேட்டா நல்லா இருக்காது."

மூன்று வாரம் கழித்து, போனால் போகிறதென்று பார்த்தார். வரிசையில் அண்ணன் இல்லை. கழிவுக் கோப்பில் இருந்தார். வீட்டு எண் 12/3. நடுவிலிருந்த சாய்கோடு, உள்ளே வரலாம் என்ற குறிகளின் பட்டியலில் இல்லை. மாடியில் அவருடைய வாசலிலும் அதே எண்தான் எழுதியிருக்கிறது. அண்ணனுக்குக் கீழே நானூறு பேருக்கு மேல் கிடந்தார்கள். அந்தப் பெயர்களை அவர் படிக்கவில்லை.

சாய்கோட்டைச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணனின் விண்ணப்பத்தை மறுபடி அனுப்பினார். உள்ளே போனது, அன்றைய தேதியில், கடைசி ஆளாக. பதிவுத் தேதியை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியதும் அவர்தான். திறக்க மேலதிகாரிக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். இரண்டு வரி எழுதினார். வேலை போய்விடும் என்று பயம் வந்தது. அழித்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணன் வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டியபடி கேட்டார். "பாத்தியாடா? நம்ம பேரு இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"கேட்டியா?" என்று அண்ணன் உள்ளே இருந்த அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "சும்மா பயந்தியே. அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூடப் போகாது."

அவர் மாடியேறிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். நல்ல பசி.