கமலாதேவி எண்ணிய மிச்சக் குளிசைகள்

டொக்டர் குலசிங்கத்தின் டிஸ்பென்சரியில் டொக்டருக்கு அடுத்த இடம் தனக்குத்தான் என்று கமலாதேவி ஒருநாளும் நினைத்ததில்லை. தனக்கு அடுத்த இடம் டொக்டருக்கு என்றுதான் நினைத்தாள். லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வந்து கதவு திறப்பவளும், மருந்துக் குளிசைகளை எண்ணி உறையில் போட்டுக் கொடுப்பவளும் அவள்தான். பிரஷர்காரர், சீனிக்காரர் எல்லாருடைய மருந்துத் துண்டுகளும் அவளுடைய பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தன. மாதாமாதம் மருந்து வேண்டுமானால் பழைய உறை மிச்சக் குளிசைகளோடு வரவேண்டும். ஆளும் வரவேண்டும்.

“துண்டை மட்டும் அனுப்பினா, ஆள் உயிரோட இருக்கிறாரோ எண்டு நான் சாத்திரமோ பாக்கிறது?” என்பாள்.

சண்டைக்காலம். தொண்ணூற்றேழாம் ஆண்டு. கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் பாதைப் படகில் துறையைக் கடந்து, இராணுவச் சென்றிச் சாவடியில் வரிசையில் நின்றுதான் வந்து சேருவார்கள். நெல் வியாபாரி கலீலுர் றஹ்மானும் மனைவி றுக்கியாவும் அப்படித்தான் வந்தார்கள். மூன்று மாதமாக அவருடைய பிரஷர் நூற்றுத் தொண்ணூற்றில் நின்றது. டொக்டரும் மாதம் ஒன்றாகக் குளிசையைக் கூட்டினார். அன்றும் பிரஷர் பார்த்து அவரை வெளியே அனுப்பிவிட்டு, இன்னொன்று எழுதப் பேனையைத் திறந்தார்.

வெளியே வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த றுக்கியா கமலாதேவியின் கையைப் பிடித்தாள். “மிஸ்ஸி, இன்னும் கூட்டினா மனிசன் மவுத்தாயிருவார். வீட்டில தலை சுத்திச் சுத்தி விழுறார். போன கிழமை குசினிக்குள்ள விழுந்து நெத்தி உடைஞ்சிது.”

தொப்பிக்குக் கீழே பிளாஸ்டர் தெரிந்தது.

“வீட்டில விழுறவருக்கு இங்க எப்பிடிப் பிரஷர் ஏறுது?”

கமலாதேவி அவருடைய உறையைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு குளிசையிலும் இரண்டு நாளைக்குரியது மிச்சம். போன மாதமும் அப்படித்தான். மறதி என்று விட்டிருந்தாள். இப்போது காலையில் வந்த மற்ற உறைகளையும் மேசையில் கொட்டினாள். லிங்கநகர்க்காரரின் மறதி கண்டபடி இருந்தது: ஒருவருக்கு ஐந்து நாள், ஒருவருக்கு ஒன்றுமில்லை. கிண்ணியாக்காரர் நாலு பேரும் ஒற்றுமையாக இரண்டு நாள் மறந்திருந்தார்கள்.

“நானா, நேற்றும் இண்டைக்கும் குளிசை போட்டீங்களோ?”

அவர் சுவரில் கலண்டரைப் பார்த்தார். றுக்கியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“வெக்கத்தில சொல்ல மாட்டார் மிஸ்ஸி. அதில ஒண்டு மூத்திரம் போக வைக்கிற குளிசை. சென்றியில மூண்டு மணித்தியாலம் லைன். ஒதுங்கப் போனா ஆமிக்காரன் துவக்கைத் தூக்குவான். பெருநாளைக்கு முதல் வந்தப்ப சாரத்தோட போயிட்டார்.”

“றுக்கியா!”

“போனதுதானே? எது அந்தக் குளிசை எண்டு தெரியாம, வாற நாளும் முதல் நாளும் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டார். ஊருக்கும் சொல்லிக் குடுத்திருக்கார்.”

கமலாதேவி கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

“டொக்டர், பேனையை மூடுங்கோ. மூண்டு மாசமா நீங்கள் பிரஷருக்கு மருந்து குடுக்கேல்ல. சென்றிக்குக் குடுக்கிறீங்கள்.”

“என்ன கதை இது?”

குளிசையை நிறுத்திவிட்டு வருவதால் இங்கே ஏறுகிறது, வீட்டில் கூட்டியதையெல்லாம் போட்டுப் பிரஷர் இறங்கி விழுகிறார் என்று சொன்னாள். டொக்டர் கொஞ்ச நேரம் பேனை மூடியைத் தேடினார். பிறகு கூட்டியதையெல்லாம் வெட்டிப் பழைய அளவை எழுதினார். மூத்திரக் குளிசையை வருகிற நாளில் மட்டும் வீடு போய்ப் போடலாம் என்றார்.

கமலாதேவி அதைத் தனி உறையில் போட்டு, மேலே பெரிதாக எழுதினாள்: ‘வாற நாளில் வீட்டுக்குப் போன பிறகு.’

“மற்றதெல்லாம் விடியவே விழுங்கிப்போட்டு வாங்கோ, நானா. பின்வளவில கக்கூஸ் இருக்கு. பூட்டித்தான் கிடக்கும், திறப்பு என்னட்ட. கேக்க வெக்கமெண்டா இருமுங்கோ.”

மறுமாதம் அவருடைய பிரஷர் நூற்று நாற்பது.

“பாத்தீங்களோ, என்ர மருந்து வேலை செய்யுது,” என்றார் டொக்டர்.

கமலாதேவிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. வெளியே வாங்கில் கிண்ணியாக்காரர் நாலு பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.