தனலட்சுமி அக்காவின் வலது கை

காலண்டர் சீசன். பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் முன்னால் நின்றிருந்தபோது ரபீக் போன் செய்தார். ஜவுளிக்கடைக்காரர்; எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். "தனலட்சுமி அக்கா காலையில தவறிட்டாகப்பா" என்றார். சரி என்றேன். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது.

உங்களில் பலர் அக்காவின் முதுகைத்தான் பார்த்திருப்பீர்கள். எங்களைப் பார்த்து நின்று கையசைப்பவரைக் கல்யாண வீட்டில் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? எங்கள் குழுவுக்கு வருமுன் இருபது வருடம் கர்நாடக சங்கீதம் பாடியவர் அவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் மேல் ஸ்தாயி வரவில்லை. வீட்டோடு முடங்கிக் கிடந்தவர் ஒருநாள் எங்கள் ஒத்திகைக்கு வந்தார். ஆளுக்கொரு வேகத்தில் நாங்கள் வாசித்ததைப் பொறுக்க மாட்டாமல் எழுந்து தாளம் போட்டார். "எனக்குத் தொண்டதான் போச்சு, காது போகல" என்றார். அன்றிலிருந்து அவர் கைதான் எங்களுக்குச் சட்டம். பாட்டைப் பாதியில் நிறுத்துவது மட்டும் அவருக்கு ஆகாது. கச்சேரி மேடைப் பழக்கம்.

அந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது. திருத்தங்கலில் ஒரு கல்யாணம், பகல் பதினொரு மணி. நாரணாபுரம் பக்கமிருந்து ஒரு சத்தம். தபேலாவை விட்டு எழுந்துவிட்டேன். என் மனைவி மாரி அங்கேதான் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். யாரோ கல்யாண வெடி போடுகிறார்கள் என்று அக்கா நினைத்தார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார். உட்கார்ந்தேன். அந்தப் பாட்டையும் அடுத்த பாட்டையும் வாசித்தேன். பிறகுதான் கம்பெனியில் வெடிவிபத்து என்று சொல்ல ஆள் வந்தது.

மாரி பிழைத்தாள். இரண்டு கைகளும் வெந்துவிட்டன. நான் போய்ச் சேரும்வரை என்னைக் கேட்டபடியே கிடந்திருக்கிறாள். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா, "தம்பி, நீ எந்திரிச்ச. நாந்தான் உக்கார வச்சேன்" என்றார். முன்பே ஓடியிருந்தாலும் நான் எதையும் தடுத்திருக்க முடியாது. ஆனாலும் ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. மாரி கடைசிவரை பேசவில்லை.

நான் திரும்பிப் போனபோது குழுவின் முறையே மாறியிருந்தது. எந்தச் சத்தம் கேட்டாலும் அக்காவின் கை சட்டென்று இறங்கும். பாட்டு நிற்கும். செல்போனில் விசாரிப்பார். தகவல் வந்ததும், "அம்புட்டுப் பேரும் பத்திரம். வாசிங்க" என்பார். வெடி இல்லாமல் சிவகாசியில் கல்யாணமா? மாப்பிள்ளை அழைப்புச் சரவெடிக்கெல்லாம் நிறுத்தினோம். "பாட்டுக்குக் கூப்பிட்டமா, பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டமா?" என்று ஒரு பெண்ணின் தகப்பனார் கத்தினார். வருடா வருடம் நாங்கள் வாசிக்கும் இருக்கன்குடி கோயில் திருவிழாவுக்குக்கூட வேறு குழுவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்கே அலுத்துவிட்டது. "போதும்க்கா, விடுங்க" என்றேன். "ஒனக்குப் போதும். எனக்கு?" என்றார்.

அக்காவை எடுத்த அன்று அவர் வீட்டு வாசலில் நாங்கள் நான்கு பேர் வாசித்தோம். அக்காவைத் தூக்கும்போது இங்கத்திய வழக்கப்படி வேட்டுப் போட்டார்கள். நால்வரும் ஒருசேர நிறுத்திவிட்டோம். நால்வரின் கண்களும் மாலைக்குள் கிடந்த அந்த வலது கைக்குத்தான் போயின. எப்போது தொடங்குவதென்று யாருக்கும் தெரியவில்லை. தூக்கியவர்களும் நின்றுவிட்டார்கள்.

பெண்கள் பக்கமிருந்து மாரி முன்னால் வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்புட்டுப் பேரும் பத்திரம்க்கா" என்றாள். எங்கள் பக்கம் திரும்பி, "வாசிங்க" என்றாள்.

வாசித்தோம். சத்தம் கேட்டால் நிறுத்துவதை அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லை மாரி வைத்துக்கொள்ளட்டும்.