‘உடனே’ என்று நான் சொன்னது

நுவரெலியாவில் ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் எனக்கு வேலை. வரவேற்பு மேசையில் இருப்பேன். ஆள் குறைந்த நாட்களில் காலைச் சாப்பாடும் பரிமாறுவேன். ஆகஸ்ட் பிறந்தால் ஸ்பெயின்காரர்கள் நானுஓயாவில் ரயில் இறங்கி, முதுகுப்பையோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது. அதனால் போனில் பாடம் கேட்டும், வந்தவர்களிடம் வாய் கொடுத்தும் ஸ்பானிஷ் பழகினேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அந்த மொழி பேசுகிறாளே என்று முதலாளிக்குப் பெருமை. எனக்கும் அந்தப் பெருமை நிறையவே இருந்தது.

அவர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் ஒரு சின்னச் சொல் ‘யா’. அறைக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ‘யா போய்’ என்று குரல் வரும். நம் காதுக்கு யாரோ எங்கேயோ போய்விட்ட மாதிரி கேட்கும். ஆனால் ‘இந்தா வாரேன்’ என்று பொருள். சொல்லி வாய் மூடுவதற்குள் கதவும் திறந்துவிடும். அதனால் என் கொப்பியில் ‘யா – இப்ப, உடனே’ என்று எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் தேடவில்லை.

ஒரு நாள் தனியாக ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். எங்கள் ஆள் மாதிரியே நிறம், முகம், நெற்றி. “வாங்க அக்கா, ரூம் பதிஞ்சிருக்கீங்களா?” என்று தமிழிலேயே கேட்டேன். அவர் விழித்தார். நீட்டிய கடவுச்சீட்டில் ஸ்பானியப் பெயர் இருந்தது. கைக்குழந்தையாக இங்கிருந்து தத்துக் கொடுக்கப்பட்டவர் என்பதை மறுநாள் காலைதான் சொன்னார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் நகல் ஒன்று வைத்திருந்தார். அதில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரும், தாயின் பெயரும் இருந்தன. தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது.

“என்னோடு வருவீர்களா?” என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு ஸ்பானிஷ் கொஞ்சம். முதலாளி ஒரு நாள் லீவு கொடுத்தார்.

ஹட்டன், நோர்வூட் வழியாக வேனில் போனோம். பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம் பெயரைச் சொன்னதும், “அந்தம்மாவா, மேல் கணக்கு லயத்துல கடைசிக் காம்பரா” என்று கையைக் காட்டினார். இத்தனை வருஷம் கடந்தும் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா தான் பிறந்த லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீடுகளின் கடைசி அறையில், இருந்தார்.

கதவடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அறுபது வயது. கண்களில் பால் படர்ந்தாற்போல வெள்ளை. நான் பக்கத்தில் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். கீரையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, மகளின் முகத்துக்கு மிகக் கிட்டே தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டிப்பிடிக்கவில்லை. அழவுமில்லை.

“சாப்பிட்டியா?” என்றார்.

ரொட்டி சுட்டார். சம்பல் அரைத்தார். மகளுக்கு அந்த உறைப்பில் கண்ணீர் வந்தது. அதைச் சாக்காக வைத்து அழுதும் தீர்த்தார். பிறகுதான் கேட்டார், ஏன் கொடுத்தீர்கள் என்று.

“எனக்குப் பத்தொம்பது வயசு. கூட இருந்த ஆளு கொழும்புக்கு வேலைக்குன்னு போனவரு திரும்பல. எனக்குப் பாலு வத்திப் போச்சு. காருல வந்த ஒரு நோனாம்மா, புள்ள நல்லாருக்கும், படம் அனுப்புவோம்னு சொன்னாங்க. ஒரு படமும் வரல.” என் பக்கம் திரும்பி, “அதையும் அவகிட்ட சொல்லு. படத்துக்கு நான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லு” என்றார்.

சொன்னேன். அந்த அம்மா பின்னால் வேறொருவரைக் கட்டி, ஒரு மகனைப் பெற்று வளர்த்திருந்தார். அந்தப் புருஷனும் இறந்துவிட்டார். மகன் கொழும்பில் துணிக்கடையில் வேலை. இப்படி ஒரு அக்கா இருப்பது அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் புறப்படும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்தார். அதற்குள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். “மறுபடி எப்ப வருவான்னு கேளு புள்ள.”

கேட்டேன். மகள் வேனுக்குள் ஒரு காலை வைத்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே, “யா போல்வெரே” என்றார். போல்வெரே என்றால் திரும்பி வருவேன். எனக்கு அது தெரியும். ‘யா’வும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

“உடனே திரும்பி வந்துருவாங்களாம், பெரியம்மா” என்றேன்.

பெரியம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் போனிலிருந்து அழைப்பார். “ஏதும் தகவல் வந்துச்சா, புள்ள?” என்பார். இல்லை என்பேன். “வேலையா இருப்பா” என்பார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று என்றார். ஒரு ஞாயிறு, கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கியதைச் சொன்னார். தீபாவளிக்கு மகன் கொழும்புக்குக் கூப்பிட்டும் போகவில்லை. அவள் வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று கேட்டார். நானும், ஆமாம் பெரியம்மா, இருங்க என்றேன். கண்டியில் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்த தேதிக்கும் அவர் போகவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களான ஒரு ஸ்பானியத் தம்பதி தங்கினார்கள். விடுதிப் பூந்தோட்டத்தில் என்னையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார் கணவர். மறுநாள் காலையில், எனக்கும் அனுப்புங்கள் என்றேன். சாப்பாட்டு மேசையில் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே, ‘யா’ போட்டு, அனுப்புவேன் என்று பதில் சொன்னார். மனைவி சிரித்தார்.

“அப்படியென்றால் அந்தப் படத்தை நீ மறந்துவிடலாம்.”

“உடனே அனுப்புவதாகத்தானே சொன்னார்?” என்றேன்.

மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆசிரியர் அல்லவா, பொறுமையாக விளக்கினார். இதோ வருகிறேன் என்பதற்கும் ‘யா’தான். சாப்பிட்டுவிட்டேன், முடிந்துவிட்டது என்பதற்கும் அதே யா. பக்கத்தில் ‘நோ’ சேர்ந்தால், முன்பு இருந்தது இனி இல்லை. அழுகிற குழந்தையைத் தட்டி யா, யா என்றால், போதும், அழாதே. “ஆனால் செய்வேன், வருவேன் என்பதற்கு முன்னால் யா வந்தால், எப்போது என்று கேட்காதே என்று அர்த்தம். ஒரு நாள் நடக்கும். நடக்காமலும் போகலாம்.” சொல்லிவிட்டு, கையால் எதையோ தோளுக்குப் பின்னால் தள்ளுவது போலக் காட்டினார். “பொய் இல்லை. நெருக்காதே என்று கேட்கிற ஒரு விதம்.”

என் கையில் தேநீர்ப் பாத்திரம் இருந்தது. மேசையில் வைக்கத் தோன்றாமல் அப்படியே குசினிக்குப் போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பெரியம்மாவுக்குக் கண் இன்னும் மங்கியிருந்தது. வாசலில் நின்ற என்னை மகள் என்று நினைத்து வேகமாக எழுந்து வந்தார். குரலைக் கேட்டதும்தான் நான் என்று தெரிந்தது. வெள்ளையடித்த காம்பராவுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மெத்தையின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

நான் சொல்லி முடித்தேன்.

“அப்ப அவ, வாரேன்னு சொல்லலியா?”

“வாரேன்னுதான் சொன்னாங்க பெரியம்மா. எப்பன்னு சொல்லல. உடனேன்னு சொன்னது நானு.”

“நீயா சேத்துக்கிட்டியா?”

“எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமில்ல?” அவர் சத்தம் போடவில்லை. “ஒரு வருஷம் நான் சந்தைக்குக்கூட அவசரமாத்தான் போயிட்டு வந்தேன் புள்ள. கண்ணு ஆஸ்பத்திரிக்கும் போகல.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. எழுந்து போய் அடுப்பை ஊதினார். தேத்தண்ணி கொடுத்தார். போய் வருகிறேன் என்றபோது தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிரவே, விடுதிப் பதிவில் இருந்த மின்னஞ்சலுக்கு, அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நான் செய்த தப்பையும், அவருடைய அம்மா காத்திருந்ததையும் மறைக்காமல் எழுதினேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. மூன்றே வரிகள். மூன்றும் யா என்றுதான் தொடங்கின. இந்த முறை எனக்குத் தெரிந்ததை நம்பவில்லை. விடுதியில் தங்கியிருந்த ஒரு ஸ்பானியப் பெண்ணிடம் காட்டி, ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். வந்தது இவ்வளவுதான்: ‘அம்மாவைப் பார்த்துவிட்டேன். இனி அவ்வளவு வலிக்கவில்லை. எப்போதாவது ஒரு நாள் எழுதுவேன்.’

அந்தத் தாளோடு மறுபடி பொகவந்தலாவைக்குப் போனேன். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் படித்தேன்.

“நடுவுல உள்ளத இன்னொருக்கா படி” என்றார் பெரியம்மா.

படித்தேன்.

“அவளுக்குக் கொறஞ்சிருச்சு” என்றார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லாமல், சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, நெடுநேரம் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை. அதையே பெரிதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு கண் ஆஸ்பத்திரியில் புதிய தேதி கேட்டு வாங்க அலைந்தோம். கிடைத்தபோது நானே லீவு போட்டுவிட்டுக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். மகனும் கொழும்பிலிருந்து வந்திருந்தான். வலது கண் தெளிந்தது. இடது கண் தெளியவில்லை. ஏன் இவ்வளவு தாமதித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மகன் தாயைப் பார்த்தான்.

“வீட்ட விட்டு வர முடியல, தொர” என்றார் பெரியம்மா.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அழைப்பதில்லை. நான்தான் அழைக்கிறேன். மழையைப் பற்றிப் பேசுவார். மகனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசுவார். தகவல் ஏதும் வந்ததா என்று ஒருநாளும் கேட்பதில்லை. வரவில்லை என்று நானும் சொல்வதில்லை.