கசக்காத சுரைக்காய்

சுரைக்காயின் மருத்துவ குணங்களை என்னிடம் சொல்லாத ஆள் பீர்க்கன்கரணையில் ஒருத்தர் பாக்கியில்லை. என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று தெரிந்த வாரமே ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் ஏரிக்கரையில் கூட நடக்கிறவர், சுரைக்காய் நல்ல குளிர்ச்சி, நீர் தாராளமாகப் பிரியும் என்றார். எதிர்வீட்டு அம்மா கால் வீக்கம் வற்றும் என்றார். பித்தம் தணியும், பிரஷர் இறங்கும், தூக்கம் வரும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாள் தவறாமல் ஒரு பச்சை ஜூஸ் டம்ளர் வந்து விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறவர்கள் எதற்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

டாக்டரும் சுரைக்காயைத்தான் சொன்னார், ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. அது பெரும்பாலும் தண்ணீர்தான், பொட்டாசியம் குறைவு. தோல் சீவி, நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இன்னும் குறையும். பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்கிற வேலையே வேண்டாம். கசக்கிற சுரைக்காய் விஷம், வாயில் வைத்ததும் துப்பிவிட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவள் மெலியக் கூடாது, நாளைக்கு டயாலிசிஸ் என்று வந்தால் உடம்பு தாங்க வேண்டும் என்றார். "எப்படியாவது சாப்பிட வைங்க சார்" என்றார். எனக்கு அந்த ஒன்றுதான் மண்டையில் ஏறியது.

அன்றைக்கே சமையலறை என் கைக்கு வந்தது. நான் பம்மலில் ஒரு லேத் பட்டறையில் ரிட்டயர் ஆகும்வரை சூப்பர்வைசராக இருந்தவன். சுரைக்காயை நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் விழும். அவள் நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்து சிரிப்பாள். காயை வெட்டச் சொன்னால் நட்டு போல்ட்டு செய்கிறீர்களே, அளந்து பார்க்க வெர்னியர் எடுத்து வரட்டுமா என்பாள். கொஞ்சம் பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், பேருக்கு உப்பு. சும்மா சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் சாப்பிட்டாள்.

ஒரு மத்தியானம் முதல் வாயிலேயே முகம் சுளித்து, "கசக்குதுங்க" என்றாள். கசக்கிற காய் விஷம் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. தட்டைப் பிடுங்கி, சட்டியோடு கூட்டைக் குப்பையில் கொட்டினேன். நேரே தெருமுனைக்குப் போய், தள்ளுவண்டியில் காய் விற்கிற அக்காவிடம் சண்டைக்கு நின்றேன்.

"இன்னா சார், என் காயா கசக்குது?" என்று அவள் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டி, தான் ஒரு துண்டு தின்றுவிட்டு எனக்கு ஒரு துண்டு நீட்டினாள். வெள்ளரிப்பிஞ்சு மாதிரிதான் இருந்தது. நல்ல காயாகப் பார்த்து வெட்டுகிறாய் என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கினேன். அதுவும் கசந்தது. பெருங்களத்தூரில் வாங்கினேன், கசந்தது. ஒவ்வொரு காய்க்கும் ஸ்டிக்கர் ஒட்டி ஏசியில் வைத்திருக்கிற கடையிலும் வாங்கிப் பார்த்தேன். காம்புப் பக்கம் ஒன்று, நுனிப் பக்கம் ஒன்று என்று பச்சையாகக் கடித்துப் பார்த்துத்தான் சமைப்பேன். என் நாக்குக்குக் கசக்காது, அவளுக்குக் கசக்கும். பாத்திரத்தை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், தண்ணீர் கேன் போடுகிறவரையும் மாற்றினேன். அவள் ஒரு ரஸ்க்கைக் கடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். மணிக்கட்டில் நிற்கிற வளையல் முழங்கைக்கு ஏற ஆரம்பித்தது. ஒருவேளை எனக்குத்தான் ஏதோ என்று அவள் ஒருதரம் இழுத்தாள். சும்மா இரு, எல்லாம் ஹைபிரிட் விதை பண்ணுகிற வேலை என்று அடக்கிவிட்டேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது எல்லா மார்க்கெட்டையும் பற்றி மூச்சு விடாமல் புகார் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, இட்லி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"எல்லாமே கசக்குது டாக்டர். இவர் பாவம், காயைத் திட்டிட்டு இருந்தார். நானும் விட்டுட்டேன்" என்றாள்.

ரத்தத்தில் கழிவு சேர்ந்து போனால் நாக்கில் இப்படிக் காட்டும் என்று அவர் மெதுவாக விளக்கினார். காயில் ஒன்றுமில்லை சார் என்றார். அந்த வாரமே டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது நான் அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. அவள்தான் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

தெருமுனையில், வூட்ல அம்மா எப்டி கீறாங்க என்று காய்க்கார அக்கா கேட்டாள். சுரைக்காய் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

டயாலிசிஸ் ஆரம்பித்தால் நாக்கு கொஞ்சம் தேறும் என்றார்கள். தேறவில்லை. ஒரு சாயங்காலம் அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க ஒரு வாய் சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. கேட்டுக்கிட்டே நான் சாப்பிடறேன்."

நல்லா இருக்கு என்றேன். அது தெரியும், எப்படி நல்லா இருக்கு என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் தொண்டைகிட்ட லேசாகத் தித்திக்கிறது என்றேன். மிளகு கடைசியில்தான் வருகிறது. பருப்பு குழைந்து காயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீரக வாசனை தூக்கலாக இருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். சீரகம் கருகிடுச்சா என்று கேட்டாள். ஆமாம், கருகித்தான் போயிருந்தது. எண்ணெய் காய்ந்ததும் அடுப்பைக் குறைக்க வேண்டும் என்றாள்.

அப்புறம் தினமும் அப்படித்தான் சாப்பிட்டோம். நான் ஒரு வாய் தின்று சொல்வேன், அவள் கேட்டுக்கொண்டே ஒரு வாய் சாப்பிடுவாள். இரண்டு கரண்டி மூன்றானது. பிழைத்துக்கொள்வாள் என்று நான் முழுசாக நம்பினேன்.

ஒரு நாள் காய் ரொம்பப் பிஞ்சாக அமைந்துவிட்டது. அதைப் பற்றி நான் நிறையச் சொன்னேன். அவள் விழுங்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

"நான் சமைச்சுப் போட்டப்பவும் இதெல்லாம் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"ஒரு நாளும் சொன்னதில்லையே."

அவள் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பாவி, நான் கரண்டியால் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். சரி, இன்னொரு கரண்டி போடுங்க என்றாள். போட்டேன். அன்றைக்கு அவள் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் காலை மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் அவள் வாயால் எதுவும் சாப்பிடவில்லை.